கால்பந்து வர்ணனையில் புள்ளிவிவரம்: எந்த எண்ணைச் சொல்வது, எதை விடுவது?

மன்னை மைக்

வணக்கம். மன்னார்குடி வட்டாரத்தில் நடக்கும் மின்னொளி எழுவர் போட்டிகளுக்கு மைக் வர்ணனை, அதையே யூடியூபில் நேரலை, வாரம் ஒருமுறை ஐரோப்பிய ஆட்டம் ஒன்றைப் பற்றித் தமிழில் அலசல் வீடியோ. இந்த மூன்றுக்கும் புள்ளிவிவரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் கேள்வி.

டிவியில் இடைவேளையின்போது ஒரு பட்டியல் போடுகிறார்கள். பந்து வைத்திருந்த சதவீதம், ஷாட், கார்னர், பாஸ் துல்லியம், ஓடிய தூரம், எக்ஸ்ஜி (ஒரு ஷாட் கோலாக எவ்வளவு வாய்ப்பு என்ற எண்). அப்படியே படித்தால் கேட்பவர்கள் காதில் ஏறுவதில்லை. படிக்காமல் விட்டால் "நம்பர் எதுவும் சொல்லாம சும்மா பேசுறாங்க" என்று கமெண்ட் வருகிறது. இதில் எந்த எண்ணுக்கு உண்மையிலேயே பொருள் இருக்கிறது? எக்ஸ்ஜியை நம்ம ஊர் ரசிகருக்கு எப்படிப் புரிய வைப்பது? உள்ளூர் ஆட்டத்தில் இரண்டு பையன்கள், ஒரு நோட்டு, ஒரு போன், இவ்வளவுதான் கையில். இதை வைத்து எதை எண்ணலாம்? விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாகவே எழுதுங்கள், நீளமாக இருந்தாலும் பரவாயில்லை.

குடந்தைக் கணக்கன்

நல்ல கேள்வி. பந்து வைத்திருந்த சதவீதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அதிகம் சொல்லப்படுவதும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுதான்.

முதலில் அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரும்பாலான இடங்களில் கடிகாரம் வைத்து அளப்பதில்லை. இரு அணியும் போட்ட மொத்த பாஸில் ஒரு அணியின் பங்கு எவ்வளவு என்று பார்த்து அதையே சதவீதமாகத் தருகிறார்கள். 2022 கத்தார் உலகக் கோப்பையில் ஃபிஃபா மூன்றாவதாக ஒரு பங்கையும் காட்டியது: இரு அணிக்கும் சொந்தமில்லாமல் பந்து போட்டியில் இருந்த நேரம். அதனால் ஒரே ஆட்டத்துக்கு இரண்டு இடத்தில் இரண்டு சதவீதம் வரும். உங்கள் வீடியோவில் எந்த மூலத்திலிருந்து எடுக்கிறீர்களோ, கடைசிவரை அதையே வைத்துக்கொள்ளுங்கள். பாதி இங்கே, பாதி அங்கே என்று எடுத்து ஒப்பிட்டால் கணக்கு கெட்டுவிடும்.

அடுத்து, பந்து யாரிடம் இருந்தது என்பதை ஸ்கோர்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. அதே உலகக் கோப்பையில் ஜப்பான் ஸ்பெயினை 2-1 என்று வென்றது. பந்து ஜப்பானிடம் இருந்தது 17.7 சதவீதம் மட்டுமே. "பந்தே இல்லாமல் ஜெயித்துவிட்டார்கள்" என்று சொல்வது எளிது. ஆனால் நடந்ததைப் பாருங்கள். ஸ்பெயின் 11ஆம் நிமிடத்தில் முந்தியது. ஜப்பான் 48லும் 51லும் இரண்டு கோல் போட்டது. அதற்குப் பிறகு 40 நிமிடத்துக்கு மேல் முன்னிலையைக் காப்பதுதான் ஜப்பானின் வேலை. பின்னால் கூடி நின்றார்கள், பந்து தானாக ஸ்பெயின் பக்கம் போனது. எனவே சதவீதத்தைச் சொல்லும்போது ஸ்கோர் வாரியாக உடைத்துச் சொல்லுங்கள். "0-0 இருந்தவரை இவ்வளவு, கோல் விழுந்த பிறகு இவ்வளவு" என்று சொன்னால்தான் அந்த எண் ஆட்டத்தைப் பேசும்.

2014 ஜூலை 8, பெலோ ஹொரிசோன்ட்டே, உலகக் கோப்பை அரையிறுதி. ஜெர்மனி 7, பிரேசில் 1. அந்த ஆட்டத்தின் பட்டியலை ஸ்கோர் தெரியாத ஒருவரிடம் கொடுத்தால் பிரேசில் ஜெயித்தது என்பார். பந்தும் பிரேசிலிடம்தான் கொஞ்சம் கூடுதல், ஷாட்டும் பிரேசில்தான் கூடுதல். ஆனால் 29ஆம் நிமிடத்திலேயே 5 கோல் விழுந்து ஆட்டம் முடிந்துவிட்டது. மீதி ஒரு மணி நேரத்தில் குவிந்த எண்கள் அந்த ஆட்டம் எப்படித் தீர்ந்தது என்பதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இடைவேளையில் பட்டியலைப் படிக்கும் முன்பு இந்த ஆட்டத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எக்ஸ்ஜி. நம்ம டெல்டா ரசிகருக்கு இதைச் சொல்வது கடினம் என்று நான் நினைக்கவில்லை. தினமும் காலையில் மேட்டூர் நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு என்று மூன்று எண்ணைப் படித்துவிட்டு வயலுக்குப் போகிறவர்கள் நம் ஆட்கள். நீர்மட்டம் 60 அடி என்றால் அணை பாதி நிறைந்திருக்கிறது என்று இங்கே விவசாயி யாரும் நினைக்க மாட்டார். முழு மட்டம் 120 அடிக்குக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. 60 அடியில் இருப்பது ஏறத்தாழ கால் பங்குதான், ஏனென்றால் அணை அடியில் குறுகல், மேலே அகலம். ஷாட் எண்ணிக்கை அந்த அடிக்கணக்கு மாதிரி. எக்ஸ்ஜி டிஎம்சி கணக்கு. 12 ஷாட் என்பது எத்தனை டிஎம்சி என்று கேட்பதுதான் எக்ஸ்ஜி. இப்படிச் சொல்லிப் பாருங்கள், ஒரே தடவையில் பிடித்துக்கொள்வார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது என்றால், முன்பு அடிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான ஷாட்டுகளைச் சேர்த்துவைத்து, இதே தூரம், இதே கோணம், காலா தலையா, எப்படி வந்த பந்து என்றெல்லாம் பார்த்து, அவற்றில் எத்தனைக்கு எத்தனை கோல் ஆனது என்று கணக்கிடுகிறார்கள். பெனால்டிக்கு 0.76 முதல் 0.79 வரை, நிறுவனத்துக்கு நிறுவனம் சற்று மாறும். எல்லா ஷாட்டையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 0.10 பக்கம். பெட்டிக்கு வெளியிலிருந்து அடிப்பது பெரும்பாலும் 0.03, 0.04.

கோணம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஒரு வீடியோவில் கோடு போட்டே காட்டலாம். கம்பங்களுக்கு நடுவே 7.32 மீட்டர். பெனால்டி புள்ளியில், 11 மீட்டரில் நின்றால் இரு கம்பமும் சுமார் 37 டிகிரி விரிந்து தெரியும். நேராகப் பின்னால் 22 மீட்டருக்குப் போனால் 19 டிகிரி. இப்போது கோல் கோட்டிலிருந்து வெறும் 5 மீட்டரில், ஆனால் நடுவிலிருந்து 15 மீட்டர் ஒதுங்கி நில்லுங்கள். 9 டிகிரிகூட வராது. கோலுக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தும் "எப்படித்தான் தவறவிட்டானோ" என்று மைக்கில் கத்துகிறோமே, அந்த இடம் பெரும்பாலும் இதுதான். அந்தப் பையன் தவறவிடவில்லை, அங்கே அடிக்க இடமே கிடையாது. வர்ணனையாளர் ஒரு வீரருக்குச் செய்யக்கூடிய நியாயம் இது.

எக்ஸ்ஜியில் நடக்கும் பிழைகள்:

கூட்டுத்தொகை ஒன்று என்பதால் இரண்டும் சமம் என்று சொல்வது. ஒரு அணிக்கு 0.5 வாய்ப்பு இரண்டு, இன்னொரு அணிக்கு 0.1 வாய்ப்பு பத்து. இரண்டுக்கும் மொத்தம் 1.0. ஆனால் முதல் அணி குறைந்தது ஒரு கோல் போட 75 சதவீதம் வாய்ப்பு, இரண்டாவது அணிக்கு 65 சதவீதம். இந்த இரண்டும் மோதினால் முதல் அணி வெல்ல 36, சமன் 33, இரண்டாவது அணி வெல்ல 31. பத்து தடவை அடித்த அணி "ஆதிக்கம்" செலுத்தியதாகக் கூட்டம் நினைக்கும், கணக்கு அப்படிச் சொல்லவில்லை.

அடுத்தடுத்து அடித்த ஷாட்டுகளைக் கூட்டுவது. 0.8 வாய்ப்பைக் கீப்பர் தட்டுகிறார், திரும்பி வந்த பந்து 0.7 வாய்ப்பு. கூட்டினால் 1.5 வரும். அந்த ஒரு தாக்குதலில் ஒன்றரை கோல் விழ வழியே இல்லை. சரியான கணக்கு, இரண்டும் தவறும் வாய்ப்பான 0.2 பெருக்கல் 0.3, அதாவது 0.06; அதை ஒன்றிலிருந்து கழித்தால் 0.94.

மைக்கில் "1.37" என்று சொல்வது. இரண்டாவது தசமம் வரை அந்த மாதிரிக்கே துல்லியம் கிடையாது. "ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு" போதும். தனி ஷாட் என்றால் "இந்த இடத்திலிருந்து பத்துப் பேர் அடித்தால் ஒருத்தருக்கு விழும்" என்று சொல்லுங்கள்.

கடைசியாக, எக்ஸ்ஜி நடந்ததைச் சொல்லும், நடக்கப்போவதைச் சொல்லாது. 2022 இறுதி ஆட்டத்தின் முதல் பாதியில் பிரான்ஸ் ஒரு ஷாட்கூட அடிக்கவில்லை. 80ஆம் நிமிடம் பெனால்டியில் ஒரு கோல், 81ஆம் நிமிடம் ஆட்டத்தின் ஓட்டத்தில் இன்னொரு கோல், எம்பாப்பே இரண்டையும் போட்டு ஆட்டத்தைத் திருப்பினார். 79ஆம் நிமிடத்தில் எண்களை வைத்து "முடிந்தது" என்று சொன்ன வர்ணனையாளர்களை இன்றும் கேட்கலாம்.

பாஸ் துல்லியம், ஓடிய தூரம் இரண்டையும் பெரும்பாலும் விட்டுவிடலாம். பின்வரிசையில் பக்கத்திலிருப்பவருக்கே தட்டிக்கொண்டிருந்தால் 95 சதவீதம் சாதாரணமாக வரும். தூரம் எல்லோருக்கும் 10, 12 கிலோமீட்டர்தான், எங்கே எப்போது ஓடினார் என்பது அதில் இல்லை. கார்னர் எண்ணிக்கையும் அப்படியே. நூறு கார்னருக்கு மூன்று நான்கு கோல் என்பது பொதுவான அளவு. 9-2 என்று கார்னரில் முன்னிலை என்றால் அது அரை கோலுக்கும் கீழே.

வடவாறு 11

கணக்கன் அண்ணன் சொன்னது அலசல் வீடியோவுக்கு அப்படியே பொருந்தும். நேரடி வர்ணனைக்கு நான் கொஞ்சம் மாறுபடுகிறேன்.

மைதானத்தில் இருப்பவர் கண்ணால் பார்க்கிறார், நேரலையில் கேட்பவர் பாதி நேரம் போனைப் பாக்கெட்டில் போட்டுக் கேட்கிறார். அவருக்குப் பந்து எங்கே என்பதுதான் முதல் தேவை. இடது விங்கா, நடுக்கோடா, பெட்டிக்குள்ளா. பந்து ஓடிக்கொண்டிருக்கும்போது எண் சொன்னால் அந்த ஐந்து வினாடி ஆட்டத்தை அவரிடமிருந்து பிடுங்குகிறோம்.

எண்ணுக்கான இடங்கள்: கோல் கிக், த்ரோ, அடிபட்டு ஆட்டம் நின்ற நேரம், ஆள் மாற்றம். ஒரே மூச்சில் சொல்லி முடிகிற மாதிரி ஒரு எண், ஒரு ஒப்பீடு. "நீல அணிக்கு எட்டாவது ஷாட், ஆறு வெளியிலிருந்து." நிறுத்திவிடுங்கள். விளக்கம் வேண்டாம், அடுத்த பந்தில் அவரே பார்த்துக்கொள்வார். ஒரு பாதிக்கு நான்கைந்து எண்ணுக்கு மேல் போனால் எதுவும் மனதில் நிற்காது. கார்னர் எடுக்கும்போது மட்டும் எண்ணே வேண்டாம். யார் எங்கே நிற்கிறார், யார் யாரைப் பிடித்திருக்கிறார் என்று சொல்ல வேண்டிய நேரம் அது.

எக்ஸ்ஜி என்ற சொல்லையே மைக்கில் எடுக்காமல் ஒரு தொடர் முழுக்க வர்ணனை செய்ய முடியும். அந்தச் சிந்தனை இருந்தால் போதும்.

தஞ்சை கோச்

தம்பி, உள்ளூர் ஆட்டத்தில் என்ன எண்ணுவது என்பதற்கு மட்டும் சொல்கிறேன்.

இரண்டு பேர் என்றால் மூன்று விஷயத்துக்கு மேல் எண்ணாதே. ஷாட், பெட்டிக்குள் நுழைவு, எதிரணிப் பகுதியில் பந்தைப் பறித்தது. பந்து வைத்திருந்த சதவீதம் வேண்டவே வேண்டாம். எழுவர் ஆட்டத்தில் பந்து கைமாறிக்கொண்டே இருக்கும், போன் ஸ்டாப்வாட்சை அமுக்குவதற்குள் இரண்டு தடவை மாறிவிடும்.

ஒருத்தர் பார்த்துச் சொல்லணும், எழுதக் கூடாது. இன்னொருத்தர் எழுதணும், நிமிர்ந்து பார்க்கக் கூடாது. இதுதான் முக்கியம். ஒரே ஆள் இரண்டும் செய்தால், ஒரு ஷாட்டை எழுதக் குனியும்போது அடுத்த ஷாட் தவறும். ஷாட்டுகள் கூட்டமாகத்தான் வரும், அதனால் தவறுவது எப்போதும் ஆட்டத்தின் சூடான கட்டத்தில்தான்.

சொல்கிற வரிசை மாறவே கூடாது: அணி, எண், இடம், முடிவு. "சிவப்பு, ஒன்பது, உள்ளே நடு, கீப்பர்." எழுதுகிறவருக்கு ஐந்து குறி போதும். கோல் என்றால் கோ, கீப்பர் காப்பாற்றினால் கீ, ஆள் தடுத்தால் த, கம்பம் க, வெளியே வெ. ஏ4 தாளில் மைதானம் வரைந்து நகல் எடுத்துக்கொள். ஒரு அணிக்கு ஒரு பாதிக்கு ஒரு தாள், ஆக ஆட்டத்துக்கு நான்கு தாள். எந்த அணியானாலும் தாளில் மேல்நோக்கித் தாக்குவதாகவே குறிக்கணும். பக்கம் மாறினதும் தாளையும் திருப்பினால் இரண்டாம் பாதி முழுக்கத் தப்பாகும்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே எதை எதில் சேர்ப்பது என்ற இலக்கணம் பேசி முடித்துவிடு. இலக்கை நோக்கிய ஷாட் என்றால் கோலாக வேண்டும், அல்லது கீப்பரோ கடைசி ஆளோ தடுக்காவிட்டால் கோலாகியிருக்க வேண்டும். கம்பத்தில் பட்டு வெளியே போனால் அது இலக்கில் சேராது. இதை நிறைய பேர் தப்பாகச் சேர்க்கிறார்கள். பெட்டிக்குள் நுழைவு என்றால் பாஸிலோ கொண்டுபோயோ, நம் ஆள் கட்டுப்பாட்டில் பந்து உள்ளே வரணும். கிராஸ் போட்டு எதிராளி முதலில் தலையால் தட்டிவிட்டால் அது நுழைவு இல்லை. கார்னர் தனி.

மின்னொளியில் முதுகு எண் தெரியாது, அதுவும் வெளிர் நிற ஜெர்சியில் வெள்ளை எண் போட்டிருந்தால் போச்சு. அணி வார்ம்-அப் செய்யும்போதே ஒவ்வொரு எண்ணுக்கும் பூட்ஸ் நிறத்தைப் பக்கத்தில் எழுதிவை. போனை நடுக்கோட்டு நேரே, முடிந்த அளவு உயரத்தில் கட்டு. வர்ணனை மேசைக்குப் பக்கத்தில் தரை மட்டத்தில் வைத்தால் தூரத்துப் பெட்டியில் எல்லாரும் ஒருத்தர் மேல் ஒருத்தராகத் தெரிவார்கள், திரும்பப் பார்த்தாலும் பிரயோஜனம் இல்லை. தவறின இடத்தில் கேள்விக்குறி போட்டு நகர்ந்துவிடணும், ஊகித்து எழுதக் கூடாது.

தொடர் தொடங்கும் முன் பழைய வீடியோ ஒன்றில் 20 நிமிடத்தை இரண்டு பையன்களும் தனித்தனியாக எண்ணட்டும். பத்தில் ஒன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பையன்கள் மேல் கோபப்படாதே, இலக்கணம் தெளிவில்லை என்று அர்த்தம். எந்த ஷாட்டில் வேறுபட்டார்கள் என்று போட்டுப் பார்த்துத் திருத்து.

இன்னொன்று. எழுவர் ஆட்டத்துக்கு டிவி எக்ஸ்ஜி எண்ணை ஒட்டவே கூடாது. அந்தக் கணக்கு பதினொருவர் மைதானம், 7.32 கம்பம், ஆஃப்சைடு எல்லாம் வைத்துப் போட்டது. நம்ம மைதானத்தில் அளவு வேறு, பல இடத்தில் ஆஃப்சைடே கிடையாது. உள்ளே நடு, உள்ளே ஓரம், வெளியே என்று மூன்றாகப் பிரித்து, தொடர் முழுக்க ஒவ்வொன்றிலும் எத்தனைக்கு எத்தனை கோல் என்று நீங்களே சேருங்கள். நூறு ஷாட் சேர்ந்ததும் உங்கள் ஊருக்கு உங்கள் கணக்கு வந்துவிடும்.

மன்னை மைக்

அண்ணன்களுக்கு நன்றி. பூட்ஸ் நிறம், மேல்நோக்கித் தாக்குதல் இரண்டையும் உடனே எடுத்துக்கொள்கிறோம். இன்னும் இரண்டு சந்தேகம்.

ஒன்று, "இவர் எடுத்த ஐந்து பெனால்டியும் கோல்", "இவர் கோல் போட்ட ஆட்டத்தில் அணி தோற்றதே இல்லை" மாதிரியான எண்களுக்குக் கூட்டம் நன்றாகக் கைதட்டுகிறது. சொல்லலாமா? இரண்டு, எழுவரில் மாற்று ஆட்டக்காரராக வந்து சில நிமிடத்தில் கோல் போடுகிறவரை, முழு ஆட்டம் ஆடுகிறவரோடு எப்படி ஒப்பிடுவது?

குடந்தைக் கணக்கன்

ஐந்துக்கு ஐந்தைச் சொல்லலாம், அதை வைத்து முடிவு சொல்லக் கூடாது. சாதாரணமாகப் பெனால்டி எடுக்கும் ஒருவருக்கு 0.78 என்று வைத்துக்கொண்டால், ஐந்தும் விழ வாய்ப்பு 0.78-ஐ ஐந்து முறை பெருக்கியது. 0.29 வரும். அதாவது பத்துச் சாதாரண ஆட்டக்காரர்களில் மூன்று பேர் ஐந்துக்கு ஐந்து போட்டுவிடுவார்கள். உங்கள் தொடரில் 16 அணி இருந்தால், தேடினால் இப்படி யாராவது ஒருவர் கட்டாயம் கிடைப்பார். தேடி எடுத்த எண் என்பதை நீங்கள் மறக்காமல் இருந்தால் போதும். "ஐந்துக்கு ஐந்து, ஐந்தும் கீப்பருக்கு வலப்பக்கம்" என்றால் அது கேட்பவருக்கும் கீப்பருக்கும் பயன்படுகிற எண்.

"கோல் போட்டால் தோற்பதில்லை" என்பதில் பெரிதாக ஒன்றும் இல்லை. பதினொருவர் ஆட்டத்தில் கோல் அபூர்வம். 2022 உலகக் கோப்பையில் 64 ஆட்டத்துக்கு 172 கோல், ஆட்டத்துக்கு 2.7, இரு அணியும் சேர்த்து. அந்த அளவில் யார் ஒரு கோல் போட்டாலும் அவர் அணி தோற்காமல் இருப்பது இயல்பு. அணியின் மற்றவர்களுக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எதை வைத்து வகுப்பது என்பதை மறந்ததால் ஒரு நாட்டின் ஆட்டமே தடம் மாறியிருக்கிறது. 1950 மார்ச் 18 அன்று ஸ்விண்டன் மைதானத்தில் பென்சிலோடு குறிப்பெடுக்கத் தொடங்கிய சார்லஸ் ரீப், பல ஆண்டுகள் நூற்றுக்கணக்கான ஆட்டங்களைக் கையால் குறித்தார். பெரும்பாலான கோல்கள் மூன்று அல்லது அதற்குக் குறைவான பாஸில் விழுகின்றன என்று கண்டார். எனவே நீளமாக அடித்து விரைவில் முன்னே போ என்பது பாடமாகி, இங்கிலாந்துப் பயிற்சியில் ஆழமாக இறங்கியது. அவர் எண்ணியதில் பிழை இல்லை. ஆனால் ஆட்டத்தில் நடக்கும் நகர்வுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் மூன்று பாஸுக்குள் முடிந்துவிடுபவைதான். கும்பகோணத்தில் இறங்குகிறவர்களில் பெரும்பாலோர் பஸ்ஸில் வந்தவர்கள், எனவே பஸ்தான் வேகம் என்று சொல்வது மாதிரி அது. நீண்ட பாஸ் தொடர்கள் எத்தனை நடந்தன, அதில் எத்தனை கோல் என்று வகுத்துப் பார்த்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கும்.

உங்கள் இரண்டாவது சந்தேகமும் இதே வகுத்தல்தான். நெல் விளைச்சலில் மொத்த மூட்டையை யாரும் பேச மாட்டார்கள், ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை என்றுதான் கேட்பார்கள். பதினொருவரில் 90 நிமிடத்துக்கு எவ்வளவு என்று போடுகிறார்கள். எழுவரில் உங்கள் முழு ஆட்டம் 40 நிமிடம் என்றால் 40-க்கு எவ்வளவு என்று போடுங்கள். ஆனால் ஒரு குழி அளவு சின்ன நிலத்தில் விளைந்ததை வைத்து ஒரு வேலி அளவு பெரிய நிலத்துக்குக் கணக்குப் போடக் கூடாது. 8 நிமிடம் ஆடி ஒரு கோல் போட்டவருக்கு 40-க்கு 5 கோல் என்று வரும், அது விளைச்சல் இல்லை. முழுத் தொடரில் குறைந்தது நான்கு முழு ஆட்ட நேரம், அதாவது 160 நிமிடம் ஆடியவர்களை மட்டும் பட்டியலில் வையுங்கள். பெரிய லீக்குகளில் இதற்கு 900 நிமிடம் என்று எல்லை வைப்பது வழக்கம். மாற்று ஆட்டக்காரர் களைத்துப்போன எதிரணிக்கு எதிராக ஆடுகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

நாகை கீப்பர்

கீப்பர் எண்களை எல்லாரும் தப்பாகச் சொல்வதால் இதையும் சேர்க்கிறேன்.

ஒரு கீப்பருக்கு ஆறு ஷாட், ஐந்தைக் காப்பாற்றினார், 83 சதவீதம். இன்னொருவருக்கு நான்கு, இரண்டைக் காப்பாற்றினார், 50 சதவீதம். முதல்வருக்கு ஆறும் வெளியிலிருந்து நேராகக் கைக்கு வந்தவை. இரண்டாமவருக்கு நான்கும் ஆறு கெஜத்துக்குள் இருந்து. சதவீதத்தை மட்டும் சொன்னால் இரண்டாமவருக்குப் பெரிய அநியாயம். தஞ்சை கோச் சொன்ன தாளிலேயே கீ என்று வரும் இடத்தில் பந்து கோலில் எங்கே போனது என்று இன்னொரு எழுத்துச் சேருங்கள்: மூலை அல்லது நடு. அது போதும். பெரிய நிறுவனங்கள் ஷாட் அடித்த பிறகு பந்து போகும் இடத்தையும் சேர்த்துக் கணக்கிடும் தனி எக்ஸ்ஜி வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

பிடித்தாரா, தட்டினாரா என்பதையும் குறியுங்கள். தட்டினால் எங்கே தட்டினார், பக்கத்துக்கா, நடுவுக்கா. நம்ம ஊரில் மார்கழி, தையில் இரவு ஒன்பதுக்கு மேல் பனி இறங்கிவிடும். பந்தும் கையுறையும் ஈரமாகும், பிடிப்பது குறைந்து தட்டுவது கூடும். ஏழு மணி ஆட்டத்துக் கீப்பரையும் பத்து மணி ஆட்டத்துக் கீப்பரையும் ஒரே பட்டியலில் வைத்து ஒப்பிடும்போது ஆட்ட நேரத்தையும் பக்கத்தில் போடுங்கள்.

கோல் விடாத ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கீப்பர் பெயரில் எழுதாதீர்கள். ஒரு பந்துகூட வராமலே அது கிடைக்கும்.

குடந்தைக் கணக்கன்

அலசல் வீடியோவுக்குத் தரவு எங்கே என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஸ்டேட்ஸ்பாம்ப் நிறுவனம் சில போட்டிகளின் ஒவ்வொரு தொடுதலையும் கிட்ஹப் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. உலகக் கோப்பைகளும் அதில் உண்டு, 2021-22 இந்தியன் சூப்பர் லீக்கும் உண்டு. சென்னையின் எஃப்சி அணியின் ஆட்டங்களைத் தமிழில் அலச அது நல்ல இடம். அந்த சீசன் முழுவதும் கோவாவிலேயே, இறுதி ஆட்டம் தவிர பார்வையாளர் இல்லாமல் நடந்தது. எனவே சொந்த மைதானம், வெளி மைதானம் என்று பிரித்து எதையும் சொல்லாதீர்கள்.

பைத்தான் நிரல் எழுதி எடுக்கும்போது கவனிக்க வேண்டியது: மைதானம் 120-க்கு 80 என்ற அளவில் இருக்கும். பெனால்டி புள்ளி 108, 40. கம்பங்கள் 36-லும் 44-லும். இரு அணியும் இடமிருந்து வலமாகத் தாக்குவதாகவே பதிவாகியிருக்கும். இரு அணியையும் ஒரே படத்தில் போட வேண்டுமென்றால் ஒரு அணியின் நீள அளவை 120-லிருந்தும் அகல அளவை 80-லிருந்தும் கழித்துக்கொள்ளுங்கள். நீளத்தை மட்டும் கழித்தால் இடது விங்கர் ஆடியதெல்லாம் வலது விங்கில் தெரியும். படம் பார்க்க அழகாகவே இருக்கும், அதனால் பிழை கண்ணில் படாது. சரிபார்க்க, அந்த அணியின் இடது பேக் ஒருவரின் தொடுதல்களை மட்டும் முதலில் போட்டுப் பாருங்கள்.

பெனால்டி ஷூட்-அவுட் ஐந்தாவது பாதியாகப் பதிவாகியிருக்கும். அதை நீக்காமல் எக்ஸ்ஜியைக் கூட்டினால் ஒரு அணிக்கு மூன்று நான்கு கோல் கூடுதலாக வந்து நிற்கும்.

மன்னை மைக்

பைத்தான் தெரிந்த பையன் ஒருவன் இருக்கிறான், அவனிடம் இதை அப்படியே அனுப்புகிறேன். தாளில் மூலை, நடு என்று கீப்பருக்கு ஒரு கட்டம் சேர்த்து மாதிரி வரைந்துவிட்டோம். கோச் அண்ணே, பறித்தது என்பதற்கு இலக்கணம் மட்டும் சொல்லவில்லை நீங்கள்.

தஞ்சை கோச்

நடுக்கோட்டைத் தாண்டி எதிரணிப் பகுதியில் பந்தை நம் ஆள் எடுத்து, அடுத்த பாஸோ ஷாட்டோ நம் அணியே ஆட வேண்டும். காலால் தட்டி எதிராளியிடமே திரும்பப் போனால் சேராது. ஃபவுல் அடித்தால் சேராது. த்ரோ கிடைத்தால் சேராது. பறித்த பத்து வினாடிக்குள் ஷாட் வந்தால் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போடு. மைக்கில் அந்த நட்சத்திரத்தை மட்டும் சொல்.